மஞ்சள் வளையக் குஞ்சுகள்

வாத்துக் குஞ்சு மல்லாந்து கிடந்து காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. கால்கள் இரண்டும் தண்ணீரைத் தள்ளுவதுபோல மாறி மாறி அசைந்தன. கழுத்து பின்பக்கமாக வளைந்து, கூரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதையோ அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொன்றுக்குத் தலை மட்டும் ஆடியது. யாரோ எதையோ நீட்ட, வேண்டாம் வேண்டாம் என்று மறுப்பதுபோல.

அவள் வைக்கோலில் முழங்காலிட்டு, அதன் கண்ணோரத்து ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்தாள். நகரத்தில், பறவை நோய்களை ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. இந்த நோய் அவளுக்குப் பழக்கமானதுதான். செத்த குஞ்சுகள் ஐஸ் பெட்டியில் வரும், அறுத்துப் பார்ப்பாள், முடிவை எழுதி அனுப்புவாள். ஆனால் உயிரோடு இத்தனை குஞ்சுகள் ஒரே கொட்டகையில் சத்தமில்லாமல் நீந்துவதை அவள் இதுவரை பார்த்ததில்லை. கம்பிவலைச் சுவர் வழியாக ஏரியின் மூடுபனி உள்ளே வந்து, குஞ்சுகளின் மஞ்சளையும் வைக்கோலின் மஞ்சளையும் ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தது. எது குஞ்சு, எது வைக்கோல் என்று அசைவை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

வாசலில் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தாள் நாத்தனார். பண்ணை அவளுடையது. அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பாதி கடலில், மீதிப் பாதி தூக்கத்தில் என்று அவளே சொல்வாள். பிள்ளைகள் கிடையாது. ஏரிக்கரையில் தனியாளாக நின்று, ஆட்களை வைத்து, வாத்து வளர்த்து வந்தாள்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. கல்யாணத்தன்று சாப்பிட உட்கார்ந்த இவள் எழுந்துபோய் இன்னொரு முறை கை கழுவிவிட்டு வந்ததைப் பார்த்து, ‘கிருமிக்காரி’ என்று நாத்தனார் ஒரு பெயர் வைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவன்கூடக் கொஞ்சும்போது அப்படித்தான் கூப்பிடுவான். அவன் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு, இதில் முன்னேற்றம் எங்கே இருந்து வரும் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வான். இந்தத் தடவையும் நாத்தனார் தம்பிக்குத்தான் போன் செய்தாள். உன் பொண்டாட்டி படித்த படிப்பு எதற்காவது ஆகுமா என்று கேட்டுச் சொல் என்றாளாம்.

கடையில் வாங்கிய தடுப்பூசியைப் போட்டாகிவிட்டது. குடிதண்ணீரில் மருந்து கலந்தாகிவிட்டது. இரண்டு நாள் அடங்கினாற்போல இருந்து மறுபடி கிளம்பிவிடுகிறது. இதையெல்லாம் நாத்தனார் யாருக்கோ நடந்ததுபோல, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள். கடைசியில் மட்டும், “இதுங்க எதைப் பாக்குதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“எதையும் பாக்கல அண்ணி. மூளையைச் சுத்தி வீங்கியிருக்கு. கழுத்து அது பாட்டுக்கு இழுக்குது.”

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் கொட்டகையில் செத்த குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் அறுத்தபோது, இதயத்தின் மேல் பாலாடைபோல வெள்ளைப் படலம் மூடியிருந்தது. ஈரல் மேலும் அதேதான். மூளையிலிருந்து ஒரு துளி எடுத்து, கிருமி வளர்வதற்காக ரத்தம் கலந்து காய்ச்சிய கூழ் உறைந்திருக்கும் தட்டுகளில் இழுத்துவிட்டாள். இந்தக் கிருமிக்குக் காற்று கொஞ்சம் மட்டாக இருந்தால்தான் பிடிக்கும். அதற்கு அவள் பழைய வழியைத்தான் வைத்திருந்தாள். பெரிய கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, மூடியை இறுக்கிவிடுவாள். உள்ளே சுடர் முதலில் நிமிர்ந்து நிற்கும். பிறகு நீலமாகும், மெலியும், திரியை விட்டுவிட்டு மிதப்பதுபோல ஒரு கணம் நின்று அணைந்துபோகும். இன்னும் நல்ல இயந்திரங்கள் வந்துவிட்டன என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கோ அந்தச் சுடர் அணையும்வரை வேறு வேலை ஓடாது. வெளியே மதிய வெயிலும் வண்டிச் சத்தமும் இருக்கும். ஜாடிக்குள் மட்டும் பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்.

தட்டுகளைத் திறந்தபோது கிருமி முளைத்திருந்தது. பனித்துளி சிந்தியதுபோலச் சின்னச் சின்னதாக, வெளிச்சம் ஊடுருவிப் போகும் முத்துகள். இத்தனை அழகாக இருக்க இதற்கு என்ன அவசியம் என்று அவளுக்கு எப்போதும் தோன்றும். அவற்றைக் கண்ணாடிச் சில்லில் கரைத்து, எந்த வகை என்று காட்டிக்கொடுக்கும் நீரை ஒவ்வொன்றாகச் சொட்டிப் பார்த்தாள். வகை பொருந்தினால் பால் திரிவதுபோலத் திரிய வேண்டும். எதிலும் திரியவில்லை. கூடத்தில் இருந்த எல்லா நீரையும் பார்த்தாகிவிட்டது. இது அவர்கள் கைக்கு இதுவரை வராத வகை. கடைத் தடுப்பூசி தோற்றதற்குக் காரணம் இதுதான். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கூடத்தின் தலைவர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு எல்லாரையும் அதற்கு மேலாகப் பார்ப்பவர். அவர் ஒரு வழி சொன்னார். இந்தக் கிருமியையே கொன்று அதிலிருந்து தடுப்பூசி செய்வோம். அடுத்து வரும் குஞ்சுகளில் பாதிக்கு அதைப் போடுவோம், மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அந்தக் கொட்டகையில் நோய் எப்படியும் வரத்தான் போகிறது. வந்தால் எந்தப் பாதி நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

இதை நாத்தனாரிடம் எடுத்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. தீவனக் கிடங்கில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினார்கள். எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால், நோய் வராவிட்டாலும் ஊசியால்தான் வரவில்லை என்று சொல்ல முடியாது; தானாகவே வராமல் இருந்திருக்கலாம். அதனால்தான் பாதியை விட்டுவைக்க வேண்டும். நோய் கிளம்பிவிட்டது என்று உறுதியானதும் விட்டுவைத்தவற்றுக்கும் வைத்தியம் செய்யலாம். இதையெல்லாம் அவள் பொறுமையாகச் சொன்னாள். நாத்தனார் ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பாதிக்குத் தண்ணியா?”

“ஆமா அண்ணி.”

நாத்தனார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவத் தொடங்கினாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள் அவள்.

ஊசி போடும் நாளில் நாத்தனார் கொட்டகைக்குள் வரவில்லை. தகரப் பெட்டிக்குள் நீலமும் மஞ்சளுமாகக் கலந்து கிடந்த வளையங்களில் ஒன்றைப் பண்ணையாள் பார்க்காமல் எடுப்பார். நீலம் வந்தால் கையிலிருக்கும் குஞ்சுக்கு மருந்து, மஞ்சள் வந்தால் உப்புத் தண்ணீர். காலில் வளையம் மாட்டிக் கீழே விட்டதும் எல்லாம் ஒரே கூட்டமாகக் கலந்துவிடும். மருந்து பால்போல வெள்ளையாக, கனமாக ஊசிக்குள் ஏறியது. அடுத்த வாரம் இரண்டாம் தடவை போடுவதற்காக ஒரு முழுப் பாட்டிலைப் பண்ணையின் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அவள் ஊர் திரும்பினாள். அடுத்த வாரம் போனபோது, பாட்டில் கைதவறி விழுந்து உடைந்துவிட்டது என்றாள் நாத்தனார். பரவாயில்லை, வேறு இருக்கிறது என்று இவள் சொன்னாள். கூடத்திலிருந்து கொண்டுவந்த உபரியில் நீல வளையங்களுக்கு இரண்டாம் ஊசி போட்டு முடித்தாள்.

பிறகு சில வாரங்கள் அவள் பாதி நாள் நகரத்திலும் பாதி நாள் ஏரிக்கரையிலுமாக இருந்தாள். எந்த நாள் எங்கே விடிந்தது என்பதே சில சமயம் குழம்பியது. விடியலில் கொட்டகைக்குப் போனால் வளர்ந்த வாத்துகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பவை இரண்டு கண்களையும் மூடியிருக்கும். ஓரத்தில் இருப்பவை மட்டும் வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். உடம்பில் பாதி தூங்க, பாதி காவல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் தனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் வருவான். அக்காவின் படகை எடுத்துக்கொண்டு ஏரியில் போய்ப் படுத்துவிடுவான். ஆறு நாள் மேலும் கீழும் போனவனுக்கு ஒரு நாளாவது பக்கவாட்டில் ஆட வேண்டும் என்பான். நாத்தனார் கரையிலிருந்தே அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பியைப் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு கூச்சம் வந்து போகும். கடன்பட்டவர்கள் முகத்தில்தான் அப்படி ஒன்றைப் பார்க்கலாம். யார் யாருக்குக் கடன் என்றுதான் தெரியவில்லை.

ரத்தம் சோதிக்கும் நாள் வந்தது. ஒவ்வொரு வாத்தின் இறக்கைக்கு அடியிலிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். சின்னக் குழிகள் கொண்ட தட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டு, கடைசி மருந்தைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தடுப்பூசி பிடித்திருந்தால் குழி மெல்ல மெல்ல மஞ்சளாகும். நீல வளையங்களின் குழிகள் எல்லாம் மஞ்சளாகின. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பிறகு உப்புத் தண்ணீர் போட்டவற்றின் வரிசையைப் பார்த்தாள். அவை நிறம் மாறாமல் வெறும் தண்ணீராக இருந்திருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அவையும் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. இருட்டும் நேரத்தில் ஊருக்குள் விளக்குகள் ஏறுவதுபோல, ஒன்று, அப்புறம் தள்ளி இன்னொன்று.

முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள். மறுநாள் திரும்பச் செய்தாள். அதே குழிகள், அதே மஞ்சள். நோய் வந்து தானாகப் பிழைத்தவையா என்றால், கொட்டகையில் ஒரு தும்மல்கூட இல்லை. ஊசி மாறிவிட்டதா என்றால், வெள்ளை மருந்தையும் தெளிந்த தண்ணீரையும் கண் தெரியாதவர்கள்தான் மாற்ற முடியும். பேருந்தில் ஏரிக்கரைக்குப் போகும் வழியில் தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் தலை மோதி விழித்தபோது, உடைந்ததாகச் சொன்ன அந்தப் பாட்டிலின் கண்ணாடித் துண்டை யாரும் அவளிடம் காட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நாத்தனார் கிடங்கில் தீவனம் அளந்துகொண்டிருந்தாள். இவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பாட்டில் உடையல,” என்றாள். “நான்தான் போட்டேன். நீ போடுறதப் பண்ணையாள் எனக்குச் சொன்னாரு. கழுத்துக்குப் பின்னால தோலைத் தூக்கிப் பிடிச்சுக் குத்தணும், அவ்வளவுதானே.”

கிருமிக்காரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எத்தனை பேரின் எத்தனை மாத உழைப்பு, இனி இதை யார் நம்புவார்கள், உங்கள் பண்ணைக்காகத்தானே இத்தனையும் என்று படபடவென்று கொட்டித் தீர்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நாத்தனார் எல்லாம் தீர்ந்தபிறகு, மூட்டையைத் தட்டிக் காட்டி உட்காரச் சொன்னாள்.

பிறகு, ஏரியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஒரு பழைய விஷயத்தைச் சொன்னாள். தம்பி இன்னும் சரியாகப் பேச வராத குழந்தையாக இருந்தபோது ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. தம்பிக்கும் வந்தது, இருவருக்கும் நடுவில் பிறந்த தங்கைக்கும் வந்தது. அம்மா மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கை ஒருத்தி காய்ச்சலில் போய்விட்டாள் என்பது இவளுக்கும் தெரிந்த கதைதான், கணவன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அவள் முகம் நினைவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

“அன்னிக்கு ஒரு பிள்ளைக்குத்தான் ஊசி மருந்து இருந்துச்சு. மத்தது நாளைக்கு வரும்னாங்க. அம்மா யாருக்குன்னு சொல்ல முடியாம நின்னாங்க. நர்ஸு எவ்வளவு நேரந்தான் பாப்பாங்க? இடுப்புல இருந்த பிள்ளைக்குப் போட்டுட்டாங்க. அதுதான் பக்கத்துல இருந்துச்சு. தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “மறுநாள் மருந்து வந்துச்சு.”

கிடங்குக்கு வெளியே வாத்துகள் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகத் தொப், தொப் என்று.

“முழுக் கொட்டகைக்கும் போட்டுடணும்னுதான் எடுத்தேன்,” என்றாள் நாத்தனார். “ரெண்டு ஊசி போடணும்னு சொன்னியே, ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு பங்கு போட்டா பாட்டில் பாதியிலயே தீந்துபோகும்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப எதுக்குப் போடுறது, எதை விடுறது? ஓடி வந்து காலடியில நிக்கிறதுக்குப் போட்டா, ஓரத்துல நிக்கிறது என்ன பாவம் பண்ணுச்சு? அதான் கண்ணை மூடிக்கிட்டேன். மஞ்சள் வளையத்தையெல்லாம் ஒரு கூண்டுல அடைச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கையில அகப்பட்டதை எடுத்துப் போட்டேன். நான் யாரையும் பொறுக்கல.”

அவள் நாத்தனாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

“நாங்களும் அப்படித்தான் அண்ணி எடுக்கறோம்,” என்றாள். “பெட்டிக்குள்ள பாக்காமக் கை விட்டு. நாங்களும் யாரையும் பொறுக்கறதில்ல.”

நாத்தனார் முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினாள். “அப்படியா? நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றாள். சொல்லியிருந்தால் பாட்டில் தப்பித்திருக்குமா என்று இவள் கேட்டாள். தப்பித்திருக்காது என்று நாத்தனார் ஒப்புக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது நாத்தனாரின் கண் நிறைந்திருந்தது. இவள் துடைத்துவிடப் போய், கையில் தீவனத் தூசு இருப்பதைப் பார்த்துப் பாதியில் நின்றாள். “போய்க் கழுவிட்டு வா, கிருமிக்காரி,” என்றாள் நாத்தனார்.

அடுத்த வாரமே நோய் வந்தது. ஒரு காலையில் மூன்று நான்கு வாத்துகள் கண் ஒழுக உட்கார்ந்திருந்தன. மறுநாள் ஒன்று மல்லாந்து நீந்தியது. எல்லாம் மஞ்சள் வளையங்கள். ரத்தத்தில் ஒன்றும் ஏறாத மஞ்சள் வளையங்கள். நாத்தனாரின் கை தொட்ட மஞ்சள்கள், நீலங்களோடு சேர்ந்து ஏரியில் ஒன்றுமே நடக்காததுபோல மிதந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்களும் நோய் கண்டவற்றைப் பிரித்து வேறு அறையில் போட்டு வைத்தியம் செய்தார்கள். சில பிழைத்தன. பிழைக்காத ஒன்றை நாத்தனார் மடியில் வைத்திருந்தாள். அதன் வளைந்த கழுத்தை உள்ளங்கையால் தாங்கி, அது பார்த்த பக்கமே தானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. இவளும் மூளை வீக்கம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கூடத்தின் தலைவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலாக வெகுநேரம் பார்த்தார். ஊசி வேலை செய்கிறது என்பது கண்ணெதிரே இருந்தாலும், கலைந்துபோன சோதனையைக் கலைந்ததென்றுதான் எழுத வேண்டும், முதலிலிருந்து தொடங்கு என்றார். பிறகு, உன் நாத்தனாருக்குக் கை நடுங்காதா என்று விசாரித்தார். நடுங்காது என்றாள். அப்படியானால் அடுத்த சோதனையில் ஊசி பிடிக்க அவரையே வரச்சொல் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

நாத்தனார் வந்தாள். ஏரியின் அக்கரையில் வேறொரு பண்ணையில், புதிய குஞ்சுகளோடு சோதனை மறுபடி தொடங்கியது. பெட்டிக்குள் கை விடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வளையம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கண்களை மூடிக்கொண்டாள். மஞ்சள் வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். அந்தச் சோதனை கலையவில்லை. ஊசி தேறியது. முழுக்க என்று சொல்ல முடியாது. சில நீலங்களும் விழுந்தன. ஆனால் கொட்டகை நின்றது. அடுத்த பருவத்தில் அந்த ஏரியைச் சுற்றியிருந்த எல்லாப் பண்ணைகளிலும் எல்லாக் குஞ்சுகளுக்கும் வெள்ளை மருந்துதான்.

கணவனிடம் அந்த ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்வதா என்று அவள் பலநாள் யோசித்தாள். அவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது, இந்த மூச்சு யாருக்குச் சேர வேண்டியது என்று சம்பந்தமில்லாமல் ஒரு எண்ணம் வரும். தான் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள். சொல்ல வேண்டியவளிடமே அதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் தானாகவே தம்பியோடு படகில் ஏறினாள். படகில் ஏறாதவள் அவள். தண்ணீரோடு பிழைத்தாலும் தண்ணீர் பயம். பனி இன்னும் விலகவில்லை. படகு கொஞ்ச தூரத்திலேயே வெள்ளைக்குள் போய்விட்டது. துடுப்பு விழும் சத்தம் மட்டும் வந்தது; பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. பனி நகர்ந்த ஒரு கணத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நாத்தனாரின் கை தம்பியின் முழங்கால்மேல் இருந்தது. அடுத்த கணம் மறைந்துவிட்டது.

வெயில் ஏறியபிறகு படகு திரும்பியது. நாத்தனார் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அவன் கரையில் இறங்கி, முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ கடனாகக் கொடுத்ததுபோல.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியும்.”

அவன் தலையை ஆட்டினான். தங்கைக்கு... என்று தொடங்கியவன் நிறுத்தி, எனக்கு அக்காதானே அவள் என்று திருத்திக்கொண்டான். அவள் தன்னைவிடப் பெரியவள் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்கு உறைத்ததே இல்லை. பிறகு அவளுடைய பெயரைச் சொன்னான். ஒரு தடவை சொல்லிப் பார்த்து, வாய்க்குப் பழகவேண்டும் என்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னான். இவளும் அதைச் சொன்னாள். தண்ணீரில் வாத்துகள் தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தன.